கடைசி சைக்கிளுக்கு அடிச்ச மேளம்

போன ஞாயித்துக்கிழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலதான். சைக்கிள்ல நூறு கிலோமீட்டர் சுத்திட்டு, திரும்ப திருத்தணிக்கே வந்து சேரணும்.

அவ்ளோதான். மலையப் பேத்து எடுத்துனு வான்னு யாரும் சொல்லல.

எங்க ஊர்ல ஒரு சைக்கிள் குரூப் இருக்குது. வருஷத்துக்கு ஒரு தடவ எல்லாரும் கூட்டமா சேந்து இப்டி லாங் ஓட்டுவாங்க. ரேஸ் இல்ல. மொதல்ல வந்தாலும் அதே மெடல், கடைசில வந்தாலும் அதே மெடல். அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் பேரு குடுத்தேன்.

என் சைக்கிள் ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட்டு ஃப்ரீயா குடுத்தது. முன்னாடி ஒரு கூடை, பின்னாடி ஒரு கேரியர். கியரா? அப்டின்னா இன்னா? இப்ப நான் பி.காம் ரெண்டாவது வருஷம். அதுவும் அரியர் எதுவும் வெக்காம என்கூடவே வந்துகினு இருக்குது.

இதுல பிரச்சன எங்க பாவா. பாவான்னா அக்கா வீட்டுக்காரரு. அக்காவும் அவரும் எங்க வீட்டு மாடியிலதான் இருக்காங்க. எனக்கும் அவருக்கும் சண்ட வராத விஷயம்னு இந்த ஒலகத்துல ஒண்ணும் பாக்கி இல்ல. ரசத்துல தக்காளி எவ்ளோ போடணும்ன்றதுல இருந்து, ஃபேன் எத்தினில ஓடணும்ன்ற வரைக்கும்.

அந்த சைக்கிள் குரூப்புல பாவாவும் ஒரு பெரிய ஆளு. என் பேரப் பாத்துட்டு மாடியில இருந்து ஓடியே வந்துட்டாரு.

"ஜெனி, நீயா? நூறா? பஸ் ஸ்டாண்டு மேட்டுக்கே எறங்கி தள்ளினு வர ஆளு!"

"தள்ளினு வந்தாலும் சைக்கிள் என்கூட வருதுல்ல பாவா? உங்கள மாதிரி பெட்ரோல் தீந்துபோயி வண்டிய ரோட்லயே உட்டுட்டு ஆட்டோல வரலையே!"

"பெட்டு கட்டுறியா?"

"கட்டுங்க!"

"நீ ஏதாச்சும் ஒரு எடத்துல முடியலன்னு வேன்ல ஏறிட்டன்னு வையி, தீபாவளி வரைக்கும் வீட்ல எதிர்த்து ஒரு வார்த்த பேசக் கூடாது."

"முழுசா ஓட்டிட்டா?"

"நான் எதிர்த்துப் பேச மாட்டேன்."

ஓரமா ஒக்காந்து தேங்கா துருவினு இருந்த எங்க அக்கா, "யாரு தோத்தாலும் எனக்கு நிம்மதி"ன்னா.

தீபாவளி வரைக்கும் பேசாம இருக்கறதா! யோசிச்சுப் பாருங்க மக்களே. நான் கிளாஸ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே 'பிரசன்ட் சார்'ருக்கு அப்பறம் இன்னும் ரெண்டு வார்த்த சேத்துப் பேசுற ஆளு. எனக்கு இது சாவுக்குச் சமம்.

வேன் இன்னான்னா, கடைசியா ஓட்டினு வர ஆளுக்குப் பின்னாடி ஒரு வேன் வரும். முடியாதவங்கள சைக்கிளோட சேத்து ஏத்திக்கும். அத யாரு ஓட்டுறது?

கரெக்ட். பாவாதான்.

ஞாயித்துக்கிழம விடியக்காத்தால போயி நின்னேன். சர்ச்சுக்கு வராம சைக்கிள் கேக்குதான்னு எங்கம்மா கத்துனது தெரு முன வரைக்கும் கூடவே வந்துச்சு.

அங்க வந்திருந்தவங்க எல்லாரும் ஒடம்போட ஒட்டுன டிரஸ்ஸு, கண்ணாடி, கையில கிளவுஸு. சைக்கிள ஒத்த வெரல்ல தூக்குறாங்க! என் சைக்கிள தூக்கணும்னா ரெண்டு பேரு வேணும்.

ஒரு அண்ணன் என் கூடையப் பாத்துட்டு, "இன்னாமா இது?"ன்னாரு.

"எலுமிச்ச சாதம்ணா."

"இந்த வெயிட்ட நூறு கிலோமீட்டர் சொமக்கணுமே, யோசிச்சியா?"

"நீங்க உங்க தொப்பைய சொமக்கல?"

அவரு தொப்பைய எக்கினு அந்தப் பக்கம் போயிட்டாரு.

கொடி ஆட்டுனாங்க. விர்ர்ருன்னு ஒரு சத்தம். நான் பெடல்ல கால் வெச்சு, ரெண்டு மிதி மிதிச்சுட்டு நிமிந்து பாக்கறேன், ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல! எல்லாம் போயிட்டாங்க!

திரும்பிப் பாத்தேன். வெள்ள வேன். ஜன்னல்ல கூலிங் கிளாஸு போட்ட ஒரு தல.

"ஜெனி! உள்ள ஏசி இருக்குது!"

"எனக்கு சளி பாவா!"

ஆர்.கே.பேட்டை வரைக்கும் இதே கததான். நான் மிதிச்சா வேன் உருளும். நான் நின்னா வேன் நிக்கும். டீ குடிக்க ஒரு கடையில ஒதுங்குனேன். எதிர்ல வந்து வேனும் நின்னுச்சு.

டீக்கடக்காரரு கொரல தாழ்த்தி, "இன்னாமா, ரொம்ப நேரமா உன் பின்னாடியே வராரே, போலீஸா? எதனா கேஸா?"ன்னாரு.

"இல்லண்ணா. எங்க பாவா."

"அத்த விட மோசம்"னு சொல்லிட்டு டீயில ஒரு ஸ்பூன் சக்கர சேத்துப் போட்டாரு. நல்ல மனுஷன்.

பள்ளிப்பட்டு போறதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு. தொட ரெண்டும் எனக்குச் சொந்தம் இல்லன்னு சொல்லுது. ஃபோன் வேற ஆந்திரா டவர் புடிச்சுனு, தெலுங்குல என்ன வரவேத்து மெசேஜ் அனுப்புது. நான் போற வேகத்துக்கு அடுத்த ஸ்டேட்டுக்கே வந்துட்டேன்னு நெனச்ச அந்த டவருக்கு என் நன்றி.

பாவா ஜன்னல்ல இருந்து, "ஏம்மா, எனக்கு இடுப்பு வலிக்குது. ஏறித் தொலையேன்!"ன்னாரு.

"வலிச்சா நீங்க முன்னாடி போங்க! யாரு வேணாம்னா?"

"எப்டிப் போறது? வேன் உன்ன தாண்டிட்டா நீ அவுட்டு! நேத்து மைக்ல சொன்னாங்களே, கேக்கலயா? வேனுக்கு முன்னாடி வந்து சேர வரைக்கும்தான் ஃபினிஷர். நான் பாவம் பாத்து உன் பின்னாடி வரேன்!"

"பாவம் பாத்தா? குரூப்போட ரூல் அது! நீங்களா தாண்டக் கூடாதுன்னும் சொன்னாங்க, அது உங்களுக்குக் கேக்கலயா?"

பாவா கண்ணாடிய மேல ஏத்திட்டாரு. ஏசி வேஸ்ட் ஆவுதாம்.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன்.

வழி தெரியறதுக்காக ரோட்ல சுண்ணாம்புப் பொடியில அம்புக்குறி போட்டிருந்தாங்க. மொத நாள் சாயந்தரம் பாவாதான் பைக்ல மூட்டைய வெச்சினு போயி எல்லாத்தையும் போட்டுட்டு வந்தாரு. பள்ளிப்பட்டு தாண்டி பொதட்டூர்பேட்டை ரோட்ல வந்துகினு இருக்கேன். தோ, ஒரு அம்புக்குறி. இடது பக்கம் மண் ரோட்ட காட்டுது. பளிச்சுன்னு.

திரும்பிட்டேன்.

பின்னாடி பாம் பாம்னு ஹாரன்! பாவா பாதி ஒடம்ப ஜன்னலுக்கு வெளிய போட்டு கத்துறாரு.

"ஜெனி! அது வழி இல்ல! நேரா! நேராப் போ!"

பாத்தீங்களா இந்தாளு புத்திய! வழி மாத்தி உட்டு, அலைய உட்டு, வேன்ல ஏத்தலாம்னு பிளானு!

"அம்புக்குறி இருக்குது பாவா!"

"அது நான் போடல!"

"உங்க கோணலு எனக்குத் தெரியாதா? நீங்க போட்டதுதான்!"

"சத்தியமா நான் போடல!"

"பொய்!"

இன்னும் வேகமா மிதிச்சேன். நாலு அம்புக்குறி. அஞ்சாவது ஒரு மாந்தோப்புக்குள்ள போவுது. பாவா வேற வழி இல்லாம பின்னாடியே வந்தாரு. கடைசி ஆள உட்டுட்டுப் போவக் கூடாதில்ல, ரூலு!

தோப்பு வாசல்ல நாலு மேளக்காரங்க ஒக்காந்துனு இருந்தாங்க. என்னையும் வேனையும் பாத்தாங்க. ஒருத்தரு துள்ளி எழுந்தாரு. அடிச்சாங்க பாருங்க ஒரு அடி!

டண்டணக்கு டணக்குன்னு தோப்பே அதிருது!

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு மக்களே. கடைசில வர ஆளுக்கும் மேளம் வெச்சு உற்சாகப்படுத்துறாங்களே, இந்த குரூப்பப் போயி தப்பா நெனச்சுட்டமே! ஒத்தக் கைய ஹேண்டில்ல இருந்து எடுத்து எல்லாருக்கும் ஆட்டுனேன்.

ரெண்டு அக்கா ஓடி வந்து ஆரத்தி சுத்துனாங்க. ஒருத்தங்க நெத்தியில சந்தனம் வெச்சாங்க. இன்னொருத்தங்க பன்னீர் தெளிச்சாங்க. வெயில்ல வரவங்கள கூல் பண்ணுறாங்க போலன்னு, "கொஞ்சம் கழுத்துப் பக்கமும் தெளிங்கக்கா"ன்னு குனிஞ்சு காட்டுனேன். அவங்களும் தெளிச்சாங்க.

(சந்தனம் வெச்சுகினது எங்கம்மாவுக்குத் தெரியாது. யாராச்சும் போட்டுக் குடுத்தீங்க, அவ்ளோதான்.)

அதுக்கு முன்னாடி இருந்த பாயிண்ட்லெல்லாம் ஒரு வாழப்பழம், தண்ணி, மூணு பிஸ்கட்டு. இங்க பாத்தா பந்தி! இல போட்டு, களி உருண்ட வெச்சு, குழி பண்ணி, ஆட்டுக்கறி கொழம்ப ஊத்துறாங்க! இதுக்குத்தான் பணம் கட்டச் சொன்னாங்களான்னு ஒக்காந்துட்டேன்.

பரிமாறுனவரு வெள்ள சட்ட, தோள்ல துண்டு. "நல்லா சாப்புடும்மா"ன்னாரு.

"அண்ணா, எலக்ட்ரால் தண்ணி இருக்குதா?"

"மோரு இருக்குதும்மா."

"முன்னாடி போனவங்கல்லாம் சாப்ட்டுட்டாங்களா?"

"யாரும்மா? நீதான் மொத ஆளு."

கையில எடுத்த களி அப்டியே நின்னுச்சு.

மொத ஆளா? நானா? அப்ப அந்த கிளவுஸு போட்டவங்க, ஒத்த வெரல்ல தூக்குனவங்க, எல்லாரும் வழி தவறிட்டாங்களா? நான், கூடை வெச்ச சைக்கிள்ல, ஃபர்ஸ்ட்டா!

இந்த சந்தோஷத்துல ரெண்டாவது களி உருண்ட வாங்கிட்டேன். அப்பத்தான் எதிர்ல பாத்தேன். ஒரு கொழந்த. மொட்ட. தல பூரா சந்தனம். கழுத்துல மால. பக்கத்துல ஒரு ஆசாரி, கையில ஊசி.

எந்த சைக்கிள் ரேலியில காது குத்துவாங்க?

அந்த நேரம் பாத்து பாவா உள்ள வந்தாரு. ரெண்டு கன்னத்துலயும் சந்தனம். கழுத்துல ரோஜாப்பூ மால. மொகத்துல மட்டும் சாவுக்களை.

"சொன்னனா இல்லயா?"ன்னாரு.

"அப்ப அம்புக்குறி?"

வெள்ள சட்டக்காரருதான் கொழந்தைக்கு அப்பாவாம். அவரு சிரிச்சினே, "அது நாங்க போட்டதும்மா. ஆந்திரா பக்கத்துல இருந்து வர சொந்தக்காரங்களுக்கு தோப்பு வழி தெரியாதில்ல? நேத்து சாயந்தரம் இந்தண்ணன் ரோட்ல சுண்ணாம்பு போட்டுகினு இருந்தாரு. மீதி இருந்தா குடுங்கண்ணான்னேன். அர மூட்டைய அப்டியே தூக்கிக் குடுத்துட்டாரு. தங்கமான மனுஷன்! காலைல உங்காளுங்கல்லாம் போன பொறவு, அவரு போட்டதப் பாத்து அதே மாதிரியே நாங்களும் போட்டுட்டோம்"னாரு.

நான் பாவாவப் பாத்தேன். பாவா மாமரத்துல காயி இருக்குதான்னு பாத்தாரு.

"பாவா."

"சாப்புடு, ஆறிடப் போவுது."

நியாயமா கத அங்க முடிஞ்சிருக்கணும். கைய கழுவிட்டு, சாரி சொல்லிட்டு, கெளம்பியிருக்கணும். ஆனா அந்த நேரம் தோப்பு வாசல்ல ஒருத்தரு வந்து நின்னாரு. பட்டு வேட்டி, வேர்த்து விறுவிறுத்துப்போன மூஞ்சி. கொழந்தையோட தாய்மாமன்.

சீர்வரிசையோட குட்டி யானையில வந்திருக்காரு. மெயின் ரோட்லயே டயர் பஞ்சர். சீர வண்டியிலயே உட்டுட்டு மண் ரோட்ல நடந்தே வந்திருக்காரு. வந்தா, மேளக்காரங்க நாலு பேரும் பந்தியில!

"மேளம் எங்க?"ன்னாரு.

மேளக்காரரு வாயில களியோட, "அடிச்சாச்சேண்ணா!"ன்னாரு. "வேன் வந்தா அடின்னு சொன்னாங்க. வேன் வந்துச்சு, அடிச்சோம்."

"எனக்கு அடிக்காம யாருக்குடா அடிச்சீங்க?"

நாலு பேரும் ஒண்ணா என்னக் காட்டுனாங்க.

பந்தி மொத்தமும் திரும்பி என்னப் பாக்குது. சந்தனத்தோட, பன்னீரோட, ரெண்டாவது உருண்டையோட ஒக்காந்துனு இருக்கேன்.

"தாய்மாமன் நானு! எனக்கு மேளம் இல்ல, ஆரத்தி இல்ல! எவளோ சைக்கிள்ல வந்தவளுக்கு எல்லாம் பண்ணீங்களா? நான் போறேன். கொழந்தைய எவன் மடியில வெச்சு வேணாலும் காது குத்திக்கோங்க!"

அவரு திரும்பிட்டாரு. கொழந்தையோட அம்மா, "அண்ணா! அண்ணா!"ன்னு அழுதுகினே பின்னாடி ஓடுறாங்க. தாய்மாமன் மடி இல்லாம எப்டி காது குத்துறது? ஆசாரி ஊசிய கீழ வெச்சுட்டாரு.

நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனா அந்த 'எவளோ' இருக்குது பாருங்க.

களிக் கையோட எழுந்துட்டேன்.

"இன்னாது எவளோவா? அண்ணா, நானா வந்து மேளம் கேட்டேன்? காலைல இருந்து மிதிச்சு மிதிச்சு காலு போயிடுச்சு! நீங்களும் லேட்டு, நானும் லேட்டு. ரெண்டு லேட்டுல முன்னாடி வந்த லேட்டு நானு. அதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"பஞ்சர் ஆச்சுமா!"

"அப்ப டயர் மேல கோச்சுக்கோங்க! தங்கச்சி மேல கோச்சுகினு போறீங்க? அந்தக் கொழந்தைக்கு மொட்டையே அடிச்சாச்சு. காதுக்கு அது எவ்ளோ நேரம் காத்துனு இருக்கும்?"

பாவா என் துப்பட்டாவப் புடிச்சு இழுக்கறாரு. தாய்மாமன் என்னையே மொறச்சுப் பாத்தாரு.

"நீ எந்த ஊரு?"

"திருத்தணி."

"வாயப் பாத்தாலே தெரியுது."

பின்னாடி யாரோ ஒரு பெரியம்மா குபுக்குனு சிரிச்சுட்டாங்க. அதோட பாதி கோவம் எறங்கிடுச்சு.

"இப்ப உங்களுக்கு இன்னாண்ணா, மேளம் வேணும், அவ்ளோதான? திரும்ப அடிக்கட்டும். நீங்க ரோட்ல இருந்து மறுபடியும் மொறப்படி வாங்க."

"சீர் தட்டெல்லாம் பஞ்சரான வண்டியில கெடக்குதே!"

நான் பாவாவப் பாத்தேன். பாவாவுக்குப் புரிஞ்சிடுச்சு. "ஏய், வேணாம்"னாரு.

"எங்க பாவா வேன் சும்மாதான் நிக்குதுண்ணா. உள்ள ஏசி இருக்குது."

தாய்மாமன் மொகத்துல மொத தடவையா வெளிச்சம். "ஏசி வேன்லயா?"

அதுக்கு மேல பாவாவ யாரு கேட்டாங்க! பதினஞ்சு பேரு வேன்ல ஏறிட்டாங்க. ரெண்டு பேரு பாவா தோள்ல கைய போட்டு, "ரா நைனா, ரா!"ன்னு தெலுங்குல கூப்ட்டு சீட்ல ஒக்கார வெச்சாங்க. மால வேற கழட்ட உடல.

நான் கைய கழுவிகினு, வெள்ள சட்டக்காரருகிட்ட சொல்லிகினு, சைக்கிள எடுத்தேன். மண் ரோட்ல எதிர்ல ஊர்வலம். முன்னாடி மேளம், பின்னாடி தட்டு தூக்குன பொம்பளைங்க, அதுக்குப் பின்னாடி நத்தை மாதிரி வேன். உள்ள முன் சீட்ல தாய்மாமன், மகாராஜா மாதிரி.

பாவா ஜன்னல்ல இருந்து கத்துறாரு. "ஜெனி! நில்லு! நான் உன் பின்னாடி வரணும்!"

"வாங்களேன் பாவா! யாரு வேணாம்னா?"

"என்ன உட மாட்டேன்றாங்க! சாப்ட்டுத்தான் போவணுமாம்!"

"களி நல்லா இருக்குது பாவா!"

பொதட்டூர்பேட்டையில இருந்து திருத்தணி வரைக்கும் எப்டி வந்தேன்னு கேக்காதீங்க. ரெண்டு களி உருண்டையும் வயித்துல ஒக்காந்துனு, இன்னும் ரெண்டு பேர டபுள்ஸ் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. மல தெரியுது, கோபுரம் தெரியுது, ஊருதான் வரல! மேட்டுல எறங்கி தள்ளுனேன். ஒரு எடத்துல நெழல்ல நின்னு அழுதேன்கூட. அப்பறம் தீபாவளி வரைக்கும் பாவா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற மாதிரி யோசிச்சுப் பாத்தேன். கால் தானா மிதிச்சுது.

போயி சேந்தா, ஷாமியானாவ பிரிச்சினு இருக்காங்க. ஒருத்தரும் இல்ல. காலைல தொப்பைய பத்தி பேசுனேனே, அந்த அண்ணன் மட்டும் சேருங்கள அடுக்கினு இருக்காரு. அவருதான் குரூப்புக்குத் தலைவராம். என் நேரத்தப் பாருங்க!

"எல்லாம் முடிஞ்சு போச்சேம்மா. டைம் ஆயிடுச்சு."

"டைம்னு ஒண்ணு எங்கண்ணா இருக்குது? வேனுக்கு முன்னாடி வந்தா ஃபினிஷர்னு நேத்து மைக்ல யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"வேன் எங்க?"

அவரு எட்டிப் பாத்தாரு. ரோடு காலி. ஃபோன எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு, பாவாவுக்கு அடிச்சாரு. அந்தப் பக்கம் டண்டணக்கு டணக்கு.

"எங்கப்பா இருக்க?"

"தோப்புல! ரெண்டாவது பந்தியில!"

"வேனு?"

"சொந்தக்காரங்கள பஸ் ஸ்டாப்ல உட்டுட்டு வரேன்னு யாரோ எடுத்துனு போயிட்டாங்க!"

அண்ணன் ஃபோன வெச்சாரு. என்னப் பாத்தாரு. அப்பறம் பைக்குள்ள கைய உட்டு, ஒரு மெடல எடுத்து என் கழுத்துல போட்டாரு.

"வீட்டுக்குப் போம்மா"ன்னாரு. கும்புடாத கொறதான்.

பாவா இருட்டுன பொறவுதான் வந்தாரு. ஒரு கையில வெத்தல பாக்கு தாம்பூலப் பை, ஒரு கையில தூக்குல கறிக்கொழம்பு. கொழந்தைக்கு காது நல்லபடியா குத்தியாச்சாம். தாய்மாமன் இவர உட மனசே இல்லாம கட்டிப்புடிச்சு அனுப்புனாராம். நான் மெடல மாட்டினு வாசப்படியிலயே ஒக்காந்துனு இருந்தேன்.

"பெட்டு இன்னா பாவா?"

"ஒத்துக்குறேன்"னாரு. மாடிக்குப் போயிட்டாரு.

மறுநாள் காலைல ஃபுல் தெம்போட எழுந்தேன். சுண்ணாம்பு மேட்டர எடுத்தேன்.

"வழி காட்ட வெச்சிருந்த சுண்ணாம்ப யாராச்சும் ரோட்ல போறவங்களுக்கு தானம் பண்ணுவாங்களா பாவா?"

"ஆங், என் தப்புதான்."

"ரசத்துல தக்காளி ஜாஸ்தி போடணும்."

"ஆங், போடலாம்."

"ஃபேன் அஞ்சுலதான் ஓடணும்."

"ஆங், ஓடட்டும்."

கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். அவரு சிரிச்ச மூஞ்சியா இட்லி சாப்புடுறாரு. எனக்கு அடுத்து இன்னா பேசறதுன்னே தெரியல.

இப்ப தீபாவளி எப்ப வரும்னு நாள் எண்ணினு இருக்கறது பாவா இல்ல, நான்.